முழங்காலின் பின்பக்கம்

“…எல்லாரும் இல்லை, இல்லையெண்டுதான் சொல்லீனம். பாதரும் அப்பிடித்தான், மகளும் அப்பிடித்தான். ஆனால் ஒருத்தரும் என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லேல்லை, டொக்டர். நீங்கள் சொல்லுங்கோ. நான் உருவினதாலையோ இவரின்ரை கால் போனது?”

இப்படிக் கேட்டவர் மதலேன் அக்கா. என்னுடைய அறையில், நோயாளிகள் இருக்கிற கதிரையில், மடியில் துணிப்பையை அணைத்துக்கொண்டு இருந்தார். வெளியே விறாந்தை வாங்கில் அவருடைய கணவர் சூசை அண்ணை ஒற்றைக் காலோடு இருந்தார். மிஞ்சியிருக்கும் அந்தக் காலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவர் அன்று பின்னேரப் போட்டில் ஏறி யாழ்ப்பாணம் போயாகவேண்டும். ஏறமாட்டேன் என்று காலையிலிருந்து ஒரே பிடியாக நின்றார்.

தீவுப் பகுதிக்கு நியமனம் பெற்று வரும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். மதலேன் அக்கா கேட்டது போன்ற ஒரு கேள்வி உங்கள் மேசைக்கு முன்னாலும் ஒருநாள் வரும். அப்போது “இல்லை” என்ற சொல் உங்கள் நுனிநாக்கில் ஆயத்தமாக நிற்கும். நல்ல, இரக்கமான சொல். எனக்கும் நின்றது. நான் அதைச் சொன்னேனா என்பது கொஞ்சம் பொறுக்கட்டும். அந்தக் கால் எப்படிப் போனது என்று முதலில் சொல்லவேண்டும்.

நான் உதவி மருத்துவராக இருந்தவள். பழைய ஆட்கள் என்னை அப்போதிக்கரி என்பார்கள். இளம் ஆட்கள் டொக்டர் என்பார்கள். கோபம் வந்தால் இரு பகுதியும் சேர்ந்து “உந்த மனிசி” என்பார்கள். வேலணையில் தொடங்கி, தீவு தீவாக மாற்றம் வாங்கி, ஓய்வு பெற்றேன். இந்தக் கதை எந்தத் தீவில் நடந்தது என்று சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களும் என்னுடைய சோடனைதான். குறிகாட்டுவானிலிருந்து போட் ஏறித்தான் போகவேண்டும், காற்றுக் கிளம்பினால் போட் ஓடாது. அது தெரிந்தால் உங்களுக்குப் போதும்.

எங்கள் பக்கத்தில் முழங்கால் சும்மா இருக்கிற உறுப்பல்ல. பனையில் ஏறுகிறவருக்கும், தோட்டத்தில் குந்தியிருந்து களை பிடுங்குகிறவருக்கும், வள்ளத்தின் விளிம்பில் முழங்காலை முண்டுகொடுத்து வலை இழுக்கிறவருக்கும் அதுதான் முதல். ஆகவே அதில் வரும் வீக்கங்களுக்கும் சனம் தாராளமாகப் பெயர் வைத்திருக்கிறது. நான் புத்தகத்தில் படித்ததைவிட அந்தப் பேச்சிலிருந்து படித்ததே கூடுதல். ஒருவர் தன் வீக்கத்தை “வாடகை குடுக்காமல் இருக்கிற ஆள்” என்றார். இன்னொருவர், “என்ரை முழங்கால் பிள்ளைத்தாச்சி, மாதம்தான் தெரியேல்லை” என்றார். மடத்துவெளியில் தோட்டம் செய்கிற ஒரு அக்கா சொன்னதைத்தான் நான் மறக்கவில்லை.

“முழங்காலுக்குப் பின்னாலை குருவி ஒண்டு கூடு கட்டியிருக்கு, தங்கச்சி. நான் எழும்பி நிண்டால் அது வந்து குந்தும். நான் குந்தினால் அது எழும்பிப் போயிடும்.”

நான் சிரித்துவிட்டேன். ஆனால் பரிசோதனையின் பாதி அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. மூட்டுக்குள் ஊறும் நீர் பின்பக்கமாகப் பிதுங்கி ஒரு பையாகத் திரளும். நாங்கள் கூடுதலாகக் காணும் நீர்க்கட்டி அதுதான். காலை நீட்டினால் அது இறுகி நிற்கும். மடித்தால் தொய்ந்துவிடும், சிலவேளை கைக்கே அகப்படாது. நீட்டியும் மடித்தும் பார்க்காமல் ‘நீர்க்கட்டி’ என்று வாய்திறக்காதீர்கள். மடித்தாலும் பறக்காமல் இருக்கிற குருவிகள் உண்டு. அவற்றுக்குள் மிகக் கெட்டது, துடிக்கும் குருவி.

ஆனால் பின்பக்கத்தைப் பார்ப்பது எங்கள் இடத்தில் லேசான காரியமல்ல. முழங்கால் நோ என்று வருகிறவர்கள் முன்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். பெண்கள் சீலையை முழங்கால் சிரட்டை தெரியுமளவுக்கு உயர்த்திவிட்டு அவ்வளவுதான் என்று நிற்பார்கள். ஆண்கள் சாறத்தைப் பிடித்த பிடியை விடமாட்டார்கள், அதுவும் பார்க்கிறவள் பெண் என்றால். கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்லும்படி உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். சொல்லிப் பாருங்கள். எங்கள் தீவுகளில் ஒரு தலைமுறையே துவக்கு முனையில், வெயில் மணலில், குப்புறப் படுத்து எழும்பிய தலைமுறை. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இனிமையாகச் சொன்னாலும் அந்தச் சொல் அவர்களுக்கு வேறு குரலில்தான் கேட்கும். ஒருவர் படுத்தார். படுத்தவுடன் இரண்டு கையையும் பிடரியில் கோர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் ஒருவரையும் குப்புறப் படுக்கச் சொன்னதில்லை.

கதிரைதான் என் வழி. முதலில் ஆள் எனக்கு முதுகைக் காட்டி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்கவேண்டும். இரண்டு காலின் பின்பக்கத்தையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்வேன், கையாலும் தொடுவேன். பிறகு ஒரு தலையணையைக் கதிரையில் வைத்து, நோகும் காலை மடித்து முழந்தாளாக ஊன்றச் சொல்வேன். முதுகு எனக்கு, முகம் யன்னலுக்கு, சாறம் அவருடைய சொந்தக் கையில். நீட்டலும் மடித்தலும் மானத்துக்குக் குறையில்லாமல் முடிந்துவிடும்.

இனிச் சூசை அண்ணை.

அவர் முழங்காலுக்காக வரவில்லை. பிறெசர் குளிசை எடுக்க வந்தவர். படலையிலிருந்து விறாந்தைக்கு நடந்து வரும்போது நடுவழியில் நின்று கடலைப் பார்த்தார். பிறகு வந்தார். வாழ்நாள் முழுக்கக் கடலில் நின்ற மனிதர் மருந்தெடுக்கப் போகிற வழியில் நின்று கடலைப் பார்த்தால், பார்ப்பது கடலை அல்ல.

“சூசை அண்ணை, கெண்டைக்கால் பிடிக்குதோ?”

“பிடிக்கிறதுதான். கொஞ்சம் நிண்டால் விட்டிடும். திரும்ப நடந்தால் திரும்பப் பிடிக்கும். அது ஒண்டுமில்லை டொக்டர், நேர்த்தி.”

நேர்த்தி என்றால் இதுதான். அவருடைய மகளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப்போயின. மூன்றாவது உயிரோடு பிறந்தால் கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முழந்தாளில் வருவேன் என்று அவர் அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தார். பேரன் பிறந்தான், அழுதுகொண்டே பிறந்தான். அவர் சொன்ன சொல்லைத் தவறவில்லை. சீமெந்துத் தரையில் இரண்டு முழங்காலும் உரிந்துவிட்டன.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. நேர்த்திக் காயத்துக்கு மருந்து போடமாட்டார்கள், அதை ஆசுப்பத்திரிக்கும் கொண்டுவர மாட்டார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது போலாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். அந்தோனியாருக்கு முன்னால் எரிகிற விளக்கின் எண்ணெயை மட்டும் பூசலாம். மதலேன் அக்கா அந்த எண்ணெயைத்தான் வாரக்கணக்காகப் பூசி உருவிக்கொண்டிருந்தார். முழங்காலில் தொடங்கி, பின்பக்கம் போய், கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரைக்கும், மேலிருந்து கீழாக. பூசும்போது வாய்க்குள் செபமும் சொல்வார்.

நான் சூசை அண்ணையைத் திரும்பி நிற்கச் சொன்னேன். அவர் கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தார்.

“ஏன் டொக்டர் மினக்கெடுறீங்கள்? முழந்தாளிலை போன மனிசனுக்கு முழங்கால் வீங்காமல் மூக்கோ வீங்கும்?”

“மூக்கு வீங்கினால் அதையும் பாப்பன் அக்கா. முதலிலை திரும்பட்டும்.”

“உவ விடமாட்டா,” என்று சூசை அண்ணை சிரித்துக்கொண்டே திரும்பி யன்னல் கம்பியைப் பிடித்தார். “மதலேன், நீ அங்காலை பார்.”

“இவ்வளவு காலமும் பாத்தது காணும், நான் அங்காலைதான் பாக்கிறன்.”

முன்பக்கத்தில் காய்ந்த பொருக்கும், சிரட்டைக்கு மேல் சின்ன வீக்கமும் இருந்தன. அது நேர்த்திதான், மறுப்பில்லை. பின்பக்கத்தில் இடது முழங்காலின் பள்ளம் பள்ளமாக இல்லை. அங்கே நுங்கு ஒன்றைத் தோலுக்குள் வைத்துத் தைத்தது போலொரு மேடு. கதிரையில் தலையணை வைத்து முழந்தாளிடச் சொன்னேன். மடித்த காலில் அந்த மேடு தொய்யவில்லை, ஒளியவில்லை, நின்ற இடத்திலேயே நின்றது.

மேட்டின் இந்தப் பக்கம் ஒரு விரலையும் அந்தப் பக்கம் ஒரு விரலையும் வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுத்தவில்லை. பிள்ளைகளே, எங்கள் தொழிலில் கை செய்யும் வேலைகளில் மிகக் கடினமானது சும்மா இருப்பது. நீர்க்கட்டிக்குப் பக்கத்தில் நல்ல நாடி ஓடினாலும் கட்டி கொஞ்சம் மேலே எழும்பி எழும்பி விழும், அதில் ஏமாறலாம். இது எழும்பவில்லை. என் இரண்டு விரலையும் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி விலக்கியது. திரும்பவும் விலக்கியது. இதயம் அடிக்கிற அதே கணக்கில். நீர்ப்பை அப்படி விரியாது. அது ரத்தக்குழாய். நாடியின் சுவர் தளர்ந்து, பலூன்போல ஊதி நின்றது. அதற்குள் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். உறைந்த துணிக்கை கழன்றால் கீழே பாதத்துக்குப் போய் அடைக்கும். முழுக்க உறைந்தால் காலுக்கு ரத்தமே போகாது.

வலது காலைப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது, சின்னதாக. ஒரு காலில் கண்டால் மற்றக் காலையும் கட்டாயம் பாருங்கள், இது பெரும்பாலும் சோடியாக வரும்.

கடைசியாகப் பாதம். இடது பாதத்தின் நாடியைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. சின்னவிரல் நுனி கறுத்திருந்தது.

“இது?”

“கல்லிலை அடிச்சது.”

“எப்ப அடிச்சது? நினைவிருக்கோ?”

அவர் யோசித்தார். “அடிச்சிருக்கும்,” என்றார்.

பாருங்கள், வீக்கத்துக்கு நேர்த்தி, கெண்டைக்காலுக்கு நேர்த்தி, விரலுக்குக் கல். எல்லாவற்றுக்கும் அவர் கையில் காரணம் இருந்தது, எல்லாம் நம்பக்கூடிய காரணம். பொய் சொல்லவில்லை அவர். நோயாளி கொண்டுவரும் காரணத்தை மரியாதையாக வாங்கி மேசையில் வையுங்கள். பிறகு காலைப் பாருங்கள்.

“கட்டியெண்டால் பிரச்சினையில்லைத்தானே,” என்றார் அவர், சாறத்தை இறக்கிக்கொண்டு. “வின்சன்ரின்ரை கட்டியை ஊசியாலை இழுத்துவிட்டவை. அடுத்த நாள் கடலுக்குப் போட்டான். நீங்களும் இழுத்து விடுங்கோவன், இப்பவே.”

வின்சன்ற் அவரோடு தொழில் செய்கிறவர். அவருடையது அந்த மடத்துவெளிக் குருவி மாதிரி, வெறும் நீர்க்கட்டி. சூசை அண்ணையின் கேள்வி பிழையில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்ததை எனக்கும் செய் என்றுதான் கேட்கிறார். அவசரத்தில் இருக்கும் ஒருவரும், நல்ல பெயர் எடுக்க விரும்பும் ஒருவரும் ஊசியை எடுத்துவிடக்கூடிய இடம் இது. குத்தியிருந்தால் அந்தக் குழாயிலிருந்து பாயும் ரத்தத்தை எங்கள் தீவில் நிறுத்த வழியில்லை.

“வின்சன்ரின்ரை நீர் அண்ணை. உங்கடை ரத்தக்குழாய். இதிலை ஊசி குத்தேலாது. இண்டைக்குப் பின்னேரப் போட்டிலை யாழ்ப்பாணம் போகவேணும். நான் அங்கை கதைச்சு விடுறன்.”

“இண்டைக்கோ? நாளைக்குப் பேரனுக்கு ஞானஸ்நானம்.”

“தள்ளி வையுங்கோ.”

இதற்குப் பதில் மதலேன் அக்காவிடமிருந்து வந்தது. “எதைத் தள்ளிறது? அந்தப் பிள்ளைக்காகத்தான் இந்த மனிசன் முழந்தாளிலை போனவர். தலையிலை தண்ணி வாக்கேக்கை இவர் வாட்டிலை கிடக்கிறதோ?”

நான் விடவில்லை. கால் போகலாம் என்று சொன்னேன். உயிரும் போகலாம் என்று சொன்னேன். பயமுறுத்தியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அவர் தன் பாதத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். “சூடாத்தானே இருக்கு டொக்டர். நாளையிண்டைக்கு முதல் போட். சத்தியம்.” பாதம் சூடாகத்தான் இருந்தது. நடந்து வந்த மனிதரைக் கட்டித் தூக்கிப் போட்டில் ஏற்ற எனக்கு அதிகாரம் இல்லை. அந்த வாதத்தில் நான் தோற்றேன். நீங்களும் தோற்பீர்கள். தோற்ற பிறகு கோபித்துக்கொண்டு கோப்பை மூடிவிடாதீர்கள். இரண்டு பேரையும் இருத்தி வைத்துச் சொன்னேன்: கால் குளிர்ந்தாலோ, வெளிறினாலோ, விறைத்தாலோ அந்த நிமிசமே இங்கே வரவேண்டும். அதுவரைக்கும் உருவக்கூடாது, ஒத்தடம் கூடாது, எண்ணெய் வேண்டாம்.

“எண்ணெயும் வேண்டாமோ?” என்று மதலேன் அக்கா கேட்டார்.

“சிரட்டையிலை பூசுங்கோ. பின்னுக்குக் கை கொண்டுபோகாதேங்கோ.”

ஓம் என்றார்.

அடுத்த நாள் நடந்ததை மகள் எனக்குப் பிறகு சொன்னார். கோயிலில் பேரனைக் கையில் வைத்திருந்தபோதே சூசை அண்ணைக்கு இடது காலில் வெட்டியது போல நோவு வந்திருக்கிறது. பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்த்து முடியும்வரைக்கும் அவர் அசையவில்லை. சிரித்தமுகமாகப் படத்துக்கும் நின்றார். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்ததும், “மதலேன், கால் குளிருது” என்றார். பாதம் மெழுகுதிரி நிறமாக இருந்திருக்கிறது.

நான் சொன்னதெல்லாம் மதலேன் அக்காவுக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் முற்றம் நிறையச் சனம், குசினியில் பந்திக்குச் சமையல், கட்டிய மனிதர் குளிருது என்கிறார். குளிர்கிறதென்றால் சூடாக்கவேண்டும். எண்ணெயைக் காய்ச்சினார். உப்பை வறுத்துத் துணியில் கட்டினார். கதவைச் சாத்திவிட்டு உருவினார். கொஞ்சம் சூடு வந்தது போல இருந்ததாம். அது எண்ணெயின் சூடு. காலின் சூடு அல்ல. விருந்தாட்கள் சாப்பிட்டுப் போகும்வரைக்கும் அவர் உருவியிருக்கிறார்.

என்னிடம் கொண்டுவந்தபோது பாதத்தை நான் கிள்ளியது அவருக்குத் தெரியவில்லை. விரலை அசைக்கச் சொன்னேன். அசைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பார்த்தார், விரல் அசையவில்லை.

வெளியே சோளகக் காற்று. பயணிகள் போட்டை நிறுத்திவிட்டார்கள். அவசரப் படகு கேட்டு நான் எடுத்த தொலைபேசி அழைப்புகளை இங்கே எழுதி உங்களைக் களைக்கப்பண்ண மாட்டேன். கடைசியில் படகு வந்தது. இறங்குதுறையில் கட்டிலோடு தூக்கும்போது சூசை அண்ணை தன் காலைப் பார்த்துக்கொண்டு, “உது என்ரை மாதிரித் தெரியேல்லை டொக்டர். ஆரோ மறந்து விட்டிட்டுப் போனது போலை கிடக்கு” என்றார். படகு கிளம்பியது. அலை அடித்துக்கொண்டே இருந்தது. குறிகாட்டுவானில் ஆம்புலன்ஸ் நின்றது. யாழ்ப்பாணத்தில் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். நேரம் கடந்திருந்தது. முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். நேர்த்திப் பொருக்கும் அதோடு போனது.

காயம் ஆறி அவர் ஊர் திரும்பினார். இரண்டு ஊன்றுகோல், ஒரு செருப்பு. மற்றக் காலில் இருக்கும் வீக்கமும் வளர்கிறது, அது அடைக்கமுதல் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். நாளும் கொடுத்தார்கள். அந்த நாளுக்கு முந்தின நாள்தான் இருவரும் என்னிடம் வந்தது. வந்தது போவதற்கு அல்ல, போகமாட்டார் என்று எனக்குச் சொல்வதற்கு.

விறாந்தையில் நான் அவரோடு மல்லுக்கட்டினேன்.

“அண்ணை, முதல்தரம் நீங்கள் சொன்னதை நான் கேட்டன். இந்தமுறை நான் சொல்றதை நீங்கள் கேளுங்கோ.”

“ஒண்டைக் குடுத்தாச்சு. இதையும் கொண்டுபோய்க் குடுத்தால் பிறகு என்னைக் கடகத்திலை வைச்சுத்தான் காவவேணும்.”

“குடுக்கிறதுக்கில்லை, காப்பாத்திறதுக்குத்தான் கூப்பிடினம்.”

“அப்பிடிச் சொல்லித்தான் கூப்பிடுவினம்.” கடலைப் பார்த்தார். “இவ நல்லாப் பாக்கிறா. காணும் எனக்கு.”

அந்தக் கடைசி வசனத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. உள்ளே வந்தேன். மதலேன் அக்கா பின்னாலேயே வந்து, கேட்காமலே கதிரையில் இருந்து, நீங்கள் தொடக்கத்தில் படித்த அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல நியாயமும் இருந்தது. அந்தக் குழாய் நெடுங்காலமாக வீங்கியது. அவர் தொடாமல் விட்டிருந்தாலும் அடைத்திருக்கலாம். அதோடு அந்த மனுசி எவ்வளவு வற்றிப்போயிருந்தார் என்று நீங்கள் பார்க்கவேண்டும். ஒரு சொல்லால் அவரை நிமிர்த்திவிடலாம் என்று தோன்றியது. ஆறுதலுக்காக அவருடைய கையைப் பிடித்தேன். அப்போதுதான் மணம் வந்தது. கோயில் விளக்கின் எண்ணெய். பழைய மணமல்ல, அன்று காலைய மணம். விரல்கள் இன்னும் வழுக்கின.

“அக்கா, எண்ணெய் தொட்டனீங்களோ?”

“ஓம். ஒத்தைக் கால்தானே எல்லாப் பாரத்தையும் தாங்குது. பிடிக்குது, உருவிவிடு எண்டு கேக்கிறார். கேட்டால் மாட்டன் எண்டு சொல்லுறதே? இந்தக் கையாலை வேறென்னத்தைச் செய்ய?”

இவ நல்லாப் பாக்கிறா, காணும் எனக்கு. அவர் அது போதும் என்றது இப்போது விளங்கியது. அவர் போட்டில் ஏறாமல் இருப்பதற்கு அந்தக் கையும் ஒரு காரணம். நான் “இல்லை” என்று சொன்னால் மதலேன் அக்கா நிம்மதியாக வீட்டுக்குப் போவார், நிம்மதியாக அந்தக் காலையும் உருவுவார். என்னுடைய இரக்கத்துக்கு விலை அந்த மனிதருக்கு மிஞ்சியிருந்த கால்.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதைத்தானே அவர் கேட்டார்.

“உருவினதாலை மட்டும் எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது, அக்கா. அந்தக் குழாய் எப்பவோ பழுதாப்போனது. நீங்கள் தொடாட்டிலும் அடைச்சிருக்கலாம். ஆனால் உருவினது கூடாது. உறைஞ்சதைக் கீழை தள்ளியிருக்கும். கால் குளிர்ந்த அண்டைக்குச் சூடாக்கிக்கொண்டு இருந்ததிலை நேரமும் போச்சு. எவ்வளவு பங்கெண்டு எனக்குத் தெரியாது. ஒரு பங்கு இருக்கு.”

அவர் அழவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. வெளியே யாரோ ஒரு குழந்தை இருமுகிற சத்தம் கேட்டது.

“அப்ப இந்தக் கால்?”

“இதுவும் அதே மாதிரித்தான் இருக்கு. நீங்கள் தொட்டனீங்கள், துடிச்சிருக்குமே.”

“துடிச்சது,” என்றார். “உயிர் ஓடுது எண்டு நினைச்சன்.”

என்னுடைய வேலைக்காலம் முழுவதும் நான் எத்தனையோ பேருடைய பேச்சைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இதை மட்டும் நான் சேர்க்க விரும்பவில்லை, அது தானாக வந்து இருந்துவிட்டது.

மதலேன் அக்கா எழும்பினார். கதவடியில் ஒருமுறை நின்றார், பிறகு விறாந்தைக்குப் போனார். நான் யன்னலால் பார்த்தேன்.

“என்னவாம்?” என்று சூசை அண்ணை கேட்டார். “உன்னையும் வெருட்டி விட்டாவோ?”

மதலேன் அக்கா துணிப்பையை வாங்கில் வைத்தார். இரண்டு கையையும் சீலைத் தலைப்பில் துடைத்தார், உள்ளங்கையை, புறங்கையை, ஒவ்வொரு விரலின் இடுக்கையும். பிறகு அந்தச் சீமெந்துத் தரையில் கணவருக்கு முன்னால் முழந்தாளிட்டார். வாங்குக்குக் கீழே கிடந்த செருப்பை எடுத்து, குதிக்காலில் மட்டும் பிடித்து அவருடைய பாதத்தைத் தூக்கி, செருப்பைக் கொழுவிவிட்டார். அவருடைய கை கணுக்காலோடு நின்றது, அதற்கு மேலே போகவில்லை. பாதத்தை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த ஊன்றுகோல் இரண்டையும் எடுத்து அவரிடம் நீட்டியபடி, முழந்தாளிலேயே நின்றார், அவர் வாங்கும்வரைக்கும்.